வெட்டு விழுந்த காட்டில் வரும் வண்டு

மலேசியாவின் கடைசிச் சுமத்ராக் காண்டாமிருகம் 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சபாவில் இறந்தது. அதன் பிறகு இந்நாட்டுக் காட்டில் அந்த விலங்கு இல்லை. ஆனால், அதன் பெயரைத் தாங்கிய இன்னோர் உயிர் கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் இன்றும் பொழுது சாய்ந்ததும் பறக்கத் தொடங்குகிறது. அதுதான் காண்டாமிருக வண்டு. இடைநிலைப்பள்ளியில் எனக்கு அது ‘கும்பாங் பாடாக்’ என்று அறிமுகமானது. பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு ‘ஓரிக்டெஸ் ரைனோசெரோஸ்’ என்று மனப்பாடம் செய்தேன். என் பாட்டிக்கு அது கொம்பு வண்டு, அவ்வளவுதான். இம்மூன்று பெயர்களும் ஒரே உயிரைத்தான் குறிக்கின்றன என்பது எனக்கு உறைக்க, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும், இருபத்திரண்டு வயது ஆனது!

தோட்டப்புறத்தில் வளர்ந்த வாசகர்களுக்கு இதனை வர்ணிக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டைவிரலின் பருமன், மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளம், மெருகு போட்டது போன்ற கறுப்பு. தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு. ஆணுக்குக் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. ஆனால், கொம்பை வைத்து மட்டும் ஆண், பெண் பிரிக்கப் போனால் ஏமாந்து போவோம். சரியாகத் தீனி கிடைக்காத ஆண் வண்டுக்கும் கொம்பு சிறுத்தே இருக்கும். வாலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். செம்பட்டை மயிர் அடர்ந்திருந்தால் அது பெண். இந்தச் சூட்சுமம் பாடநூலிலும் இருக்கிறது. அதற்கு முன்பே பாட்டியிடம் இருந்தது.

நான் இதனைப் பற்றி எழுதக் காரணம் என் மாமா. தோட்டத்தில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமநிதிப் பணத்தின் பெரும்பகுதியைப் போட்டு ஈஜோக் பக்கம் மூன்று ஏக்கர் நிலம் வாங்கினார். நிலத்தில் முன்பு தென்னை இருந்தது. வயதாகிக் காய்ப்பு குறைந்த மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார். நூற்று எழுபது கன்றுகளுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“என்னம்மா, யுனிவர்சிட்டில பூச்சி பத்திதானே படிக்கிற? குருத்தெல்லாம் கத்தரிக்கோலால வெட்டுன மாதிரி இருக்கு. மருந்து அடிச்சேன், நிக்கல. மழை நின்னா சரியாயிடும்னு சொல்றாங்க. நீ என்ன சொல்ற?”

எனக்கு அப்போது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அவர் கேட்டதற்குப் பதில் தெரிந்துகொள்வதற்குள் 17 கன்றுகள் போய்விட்டன.

முதலில் அந்தக் கத்தரி வெட்டு எப்படி வருகிறது என்று பார்ப்போம். இரவில் பறந்து வரும் வண்டு செம்பனையின் மட்டை இடுக்கில் இறங்கி, அங்கிருந்து உள்ளே துளைத்துக்கொண்டு போகும். இலையைத் தின்பதற்காக அல்ல. இளம் திசுவைக் கடித்து நசுக்கிச் சாற்றை உறிஞ்சத்தான். நசுக்கிய சக்கையை வெளியே தள்ளிவிடும். துளையின் வாயில் ஈரமான நார்ச்சக்கை பிதுங்கியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். அது துளைத்துப் போகும் வழியில்தான் இன்னும் விரியாத குருத்தோலைகள் விசிறி போல மடிந்து அடுக்கடுக்காக இருக்கின்றன. காகிதத்தை மடித்து ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டிப் பிரித்தால் வரிசையாக வெட்டுகள் தெரியுமல்லவா? அதே கதைதான் இங்கும். ஓலை விரியும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முக்கோணமாக வெட்டுப்பட்டிருக்கும். வளர்நுனி தப்பினால் மரம் பிழைக்கும். வளர்நுனி வரை வண்டு போய்விட்டால் கன்று முடிந்தது. பனை வகைகளுக்கு ஒரே ஒரு வளர்நுனிதான். கொய்யாவைப் போலப் பக்கத்தில் கிளைத்துக்கொள்ள அவற்றால் முடியாது.

இதில் மாமாவுக்குத் தெரியாமல் போன ஒன்று உண்டு. வெட்டு கண்ணுக்குத் தெரிவது ஓலை விரிந்த பிறகு. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கடித்த வண்டு அதற்குள் எப்போதோ எழுந்து போயிருக்கும். மாமா விரிந்த ஓலையைப் பார்த்துப் பார்த்து மருந்து அடித்தார். அதாவது, போன மாதம் வந்து போன திருடனுக்கு இந்த மாதம் கதவைச் சாத்தினார்.

சரி, எழுந்து எங்கே போனது? இந்த வண்டைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் சாவி. இதற்கு இரண்டு வீடுகள். உண்பது உயிருள்ள மரத்தில். முட்டையிட்டுப் பெருகுவது செத்த மரத்தில். மட்கிய தென்னங்கட்டை, செம்பனைக் கட்டை, ரப்பர் மரத்தின் அடிக்கட்டை, எருக்குவியல், மரத்தூள் மேடு, ஆலையிலிருந்து வரும் வெற்றுக்குலைக் குப்பை என ஈரமும் மட்கலும் உள்ள எதுவும் அதற்குப் பிரசவ அறைதான். பெண் வண்டு தன் வாழ்நாளில் ஐம்பதிலிருந்து நூறு வரை முட்டையிடும். அரிசியை விடச் சிறிது குண்டான வெள்ளை முட்டைகள். எட்டு முதல் பன்னிரண்டு நாளில் புழு வெளிவரும். மும்முறை பருவம் மாறும் அந்தப் புழு, தீனியின் தரத்தைப் பொறுத்து ஏறக்குறைய மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை கட்டைக்குள்ளேயே தின்று கொழுக்கும். முற்றிய புழு ஆறு முதல் பத்து சென்டிமீட்டர் வரை இருக்கும். பழுப்புத் தலை, வெண்ணெய் நிற உடல், எப்போதும் அரைவட்டமாகச் சுருண்டே கிடக்கும். பிறகு கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறிய பின்னும் உடனே வெளியே வராது. மேல் ஓடு கெட்டிப்படும்வரை இரண்டு மூன்று வாரம் அறைக்குள்ளேயே காத்திருக்கும். வெளியே வந்தபின் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அந்த மாதங்களில் மரத்துக்கும் கட்டைக்கும் இடையே அது எத்தனையோ முறை போய்வரும்.

புழு உயிருள்ள மரத்துக்கு ஒரு கெடுதலும் செய்யாது. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காய்ந்த மரநாரைச் செரிப்பது லேசான காரியமல்ல. நமக்கும் மாட்டுக்கும் கூட அது தானாக முடியாது. மாட்டின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இந்தப் புழுவின் பின்குடல் பை போலப் பருத்து, அதற்குள் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைக்கின்றன. புழுவின் பின்பாதி கறுத்துத் தெரிவது அந்தச் சரக்கினால்தான். பெரிய மரம் மண்ணாவதில் இதற்கும் ஒரு பங்குண்டு. காட்டில் இது துப்புரவுத் தொழிலாளி. தோட்டத்தில்தான் இதற்குப் பூச்சி என்ற பட்டம்.

ஏன் அப்படி என்றால், காட்டில் ஒரு பனை இங்கே விழும், இன்னொன்று பல ஆண்டு கழித்து அங்கே விழும். தோட்டத்தில் அப்படியல்ல. செம்பனைக்கு ஏறக்குறைய 25 வயதானால் மறுநடவு. ஹெக்டேருக்கு 136 முதல் 148 மரம் என்ற கணக்கில், காடு காடாக, சில வாரங்களில் எல்லாம் சாய்க்கப்படும். அத்தனை கட்டையும் ஒரே நேரத்தில் மட்கத் தொடங்கும். அவற்றுக்கு நடுவிலேயே, மென்மையான குருத்துடன், புதிய கன்றுகள் வரிசையாக நடப்படும். வண்டின் கண்ணால் பார்த்தால் பிரசவ விடுதியும் சாப்பாட்டுக் கடையும் ஒரே வேலிக்குள் கட்டித் தந்தது போலத்தான்.

இந்த வட்டாரத்திற்கும் இந்தக் கதைக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த செம்பனை மலாயாவில் வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது 1917-இல். இடம், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகில் உள்ள ஒரு தோட்டம். (2007-இல் இவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என மாறியது, என் பாட்டிக்கு இன்னும் மாறவில்லை.) நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், பின்னாளில் மலாயாவைக் களமாக வைத்து நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றவர். அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமாரம். ஆங்கில எழுத்தில் ஏறித் திரும்பி வந்ததால் சற்று நெளிந்திருக்கிறதே தவிர, நம் தென்னமரம்தான். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் தமிழில் தென்னையின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதை எண்ணி நான் பெருமைப்பட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோது அந்தப் பெயரில் இன்னொன்றும் தெரிந்தது. கொம்பு வண்டு தென் ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆதியிலிருந்தே தென்னையை உண்டு வாழ்ந்தது. செம்பனை கடல் கடந்து வந்தபோது அதற்காக இங்கே ஏற்கெனவே ஒரு வாய் காத்திருந்தது.

அடுத்து, பருவம். மாமாவிடம் மழை நின்றால் சரியாகும் என்று சொன்னவர்களைக் குறை கூற முடியாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தென்னை வைத்திருப்பவர்கள் தென்மேற்குப் பருவமழை காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, வண்டு மிகுதியாக வருவதைக் காண்கிறார்கள். அங்கே வெயில் காலத்தில் எருக்குழியும் கட்டையும் காய்ந்துவிடும். மழை வந்தால் நனையும். ஆகவே, வண்டின் நாட்காட்டி மழையின் நாட்காட்டியோடு ஒட்டிப் போகிறது. சிலாங்கூரின் மேற்குக் கரை அப்படிப்பட்டதல்ல. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். ஜூன், ஜூலையில் குறையும். ஆனாலும், பருத்த செம்பனைக் கட்டையின் உட்புறம் காய்ந்து போகும் அளவுக்கு வறட்சி வருவது அரிது. வெப்பமும் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. எனவே, எந்த மாதத்தில் கட்டையைப் பிளந்தாலும் முட்டை, சிறு புழு, பெரும் புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாமும் ஒன்றாகக் கிடைக்கும்.

அப்படியானால் இங்கே இதற்குப் பருவமே இல்லையா? இருக்கிறது. அது மாதக் கணக்கல்ல, ஆண்டுக் கணக்கு. மரம் சாய்ந்து சில மாதங்களில் கட்டை மென்மையாகும். முட்டையிட வண்டு வந்து சேரும். கட்டை முற்றாக மண்ணாக இரண்டாண்டு போல ஆகும். அதுவரை புழுவுக்குத் தீனி. அந்தக் கால அளவில்தான் கன்றுகளும் கடிபடும் வயதில் நிற்கின்றன. கட்டை தீர்ந்து, கன்றும் மரமாகி உயர்ந்த பிறகு வண்டு குறைந்துவிடும். பிறகு அடுத்த வெட்டு விழும்வரை பெரிதாகத் தலை காட்டாது. 1917-லிருந்து எண்ணினால் இப்படிப்பட்ட நான்கு சுற்றுகளுக்கு இந்த வட்டாரத்தில் இடமிருக்கிறது. பாட்டி தம் பேச்சில் அடிக்கடி ‘வெட்டு விழுந்த வருசம்’ என்று சொல்வார். யாருக்கோ கல்யாணம், யாருக்கோ குழந்தை, எல்லாவற்றுக்கும் அதுதான் அவருக்கு ஆண்டுக் கணக்கு. வண்டுக்கும் அதே கணக்குதான் என்பது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சற்றுக் கஷ்டமாகவும் இருந்தது. வெட்டு விழுந்த ஆண்டுகளில்தான் தோட்டத்து வீடுகளும் பல இடங்களில் காலியாயின.

முன்பெல்லாம் வெட்டிய மரத்தைக் குவித்துத் தீ வைத்துவிடுவார்கள். ஒரு வாரம் வானமே தெரியாது, காயப்போட்ட துணியெல்லாம் கரி வாசம் வீசும் என்று அம்மா சொல்வார். 1980களின் இறுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம் எரிக்காமல் மறுநடவு செய்யும் முறையை உருவாக்கிச் செயல்படுத்தியது. 1992-இல் அதற்கு ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தது. 1997-இன் புகைமூட்டத்தை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டே சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டுத் திறந்தவெளியில் எரிப்பது தடை செய்யப்பட்டது. அது மிகச் சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. மட்கும் கட்டை மண்ணுக்கு உரம். புகை யாருக்கும் உரமல்ல. ஆனாலும், எரியாமல் கிடந்த கட்டைகளால் ஆதாயம் அடைந்தவர்களின் பட்டியலில் கொம்பு வண்டும் ஒன்று.

இதற்கு மாற்றாகத் தோட்டங்களில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, மரத்தை முழுக் கட்டையாக விடாமல் இயந்திரத்தால் மெல்லிய சீவல்களாகச் சீவிப் பரப்புவது. மெல்லிய சீவல் சீக்கிரம் காயும், சீக்கிரம் மட்கும். புழு முதிர்ச்சி அடைவதற்குள் தீனி தீர்ந்துவிடும். இரண்டாவது, மூடுபயிர். குவியலின் மேல் அவரை இனக் கொடியைப் படரவிட்டால் பறந்து வரும் வண்டுக்குக் கட்டை எங்கே இருக்கிறதென்று எளிதில் புலப்படாது. இன்று பல தோட்டங்களில் காணும் அகன்ற இலைக் கொடியான ‘முக்குனா பிராக்டியேட்டா’ இந்தியாவின் வடகிழக்கில் தோன்றி, கேரளத்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய், அங்கிருந்து 1990களில் இங்கே வந்தது. வேகமாகப் படரும், ஆனால், கவனிக்காமல் விட்டால் கன்றையே சுற்றிக்கொள்ளும்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு ஒரு விடுமுறையில் மாமாவின் நிலத்துக்குப் போனேன். அவர் ஏற்கெனவே குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தார். வாய்க்காலுக்கு அப்பால் உள்ள பெரிய நிலத்தில் அண்மையில்தான் மறுநடவு நடந்திருந்தது. “அங்கேருந்துதான் வருது. அவனுங்க கட்டையப் போட்டான், என் கன்னு போச்சு” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கோட்பாட்டுக்கு அது மிகப் பொருத்தமாக இருந்தது. அனுமதி கேட்டு அங்கே போய்க் கொடியை விலக்கிப் பார்த்தோம். சீவல்கள் பெரும்பாலும் மண்ணாகியிருந்தன. சில புழுக்கள் கிடைத்தன. ஆனால், நான் எதிர்பார்த்த அளவு இல்லை.

திரும்பி வரும்போது பாட்டி வாய்க்காலின் மேல் நின்றுவிட்டார். அந்த வாய்க்காலைத் தாண்ட, நிலத்தில் வெட்டிய தென்னைகளில் இரண்டை மாமா பாலமாகப் போட்டிருந்தார். பாட்டி தம் ஊன்றுகோலால் கட்டையை இரண்டு தட்டு தட்டினார்.

“பொத்தலா கேக்குதுடா. இத மொதல்ல பொள.”

மாமாவுக்கு மனமில்லை. நல்ல பாலம் என்றார். பிறகு கோடரியை எடுத்து வந்தார். மேல் பட்டை கல்லாக இருந்தது. உள்ளே ஈரமான கறுப்புத் தூள். அந்தத் தூளுக்குள் ஒரு குடித்தனமே இருந்தது. கரையான், மரவட்டை, தொட்டால் உருண்டையாகிக்கொள்ளும் சாம்பல் நிறச் சிறு உயிர் ஒன்று. அதனை நாம் பூச்சி என்போம். ஆனால், பதினான்கு கால்கள் கொண்ட அது உண்மையில் இறால், நண்டுக்கு உறவு. கடலை விட்டு நிலத்துக்கு வந்தும் ஈரத்தை விட்டு விலக முடியாமல் கட்டைக்கு அடியில் காலம் தள்ளுகிறது. யாருக்கும் தொல்லையில்லை. அவற்றோடு வெண்ணெய் நிறத்தில் சுருண்ட புழுக்கள், பெரிதும் சிறிதுமாக. முதல் கட்டையில் மட்டும் ஒரு பெயிண்ட் வாளியில் கால் பாகம் நிரம்பியது. இரண்டாவது கட்டையை மாமா தாமே, யாரும் சொல்லாமல், பிளந்தார். அதன் பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த எருக்குவியலையும் கிளறினோம். அங்கும் இருந்தன. குற்றவாளியை வேலிக்கு அப்பால் தேடிக்கொண்டிருந்தோம். அது எங்கள் காலடியில் குடியிருந்தது. மாமா அன்று மாலை வரை யாரிடமும் அதிகம் பேசவில்லை.

பாட்டி மட்டும் உற்சாகமாக இருந்தார். அவர் சின்ன வயதில் தோட்டத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் கட்டையிலிருந்து புழு பொறுக்க வைப்பார்களாம். எண்ணி ஒப்படைத்தால் சில காசு. “ரொட்டிக்குக் கிடைக்கும்” என்றார். ஊரிலிருந்து வந்த அவருடைய அம்மா, ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துச் சட்டியோடு தென்னைக்கு நடுவே புதைத்து வைப்பாராம். அந்த வாடைக்கு வண்டு வந்து விழுமாம். நான் இதைக் கதை என்று நினைத்தேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் அதுவும் ஒன்றாக இருப்பதைப் பின்னர் பார்த்தேன். ஒரு கிலோ புண்ணாக்குக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்று அளவு உள்படப் போட்டிருக்கிறார்கள்.

வாடையால் வண்டைப் பிடிக்கும் வழி பிறகு வேதியியலுக்குள்ளும் வந்தது. ஆண் வண்டு வெளியிடும் மணப்பொருளை 1990களின் நடுவில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அதைச் சிறு பையில் அடைத்து வாளிக்கு மேல் தொங்கவிட்டால் ஆணும் பெண்ணும் தேடி வந்து தகட்டில் மோதி வாளிக்குள் விழும். இளங்கன்றுக் காடுகளில் கம்பத்தின் மேல் வாளி நிற்பதைப் பேருந்திலிருந்து பார்த்திருப்பீர்கள். அது தண்ணீர் வாளி அல்ல. பறப்பவற்றைத்தான் இது பிடிக்கும். கட்டைக்குள் உள்ளவற்றை ஒன்றும் செய்யாது. கட்டைக்குள் இருப்பவற்றுக்கு மெட்டாரைசியம் என்ற பூஞ்சை இருக்கிறது. புழுவின் மேல் முதலில் வெள்ளையாகவும் பிறகு கரும்பச்சையாகவும் பூத்து அதைக் கொன்றுவிடும். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் இதைத் தோட்டங்களில் பயன்படுத்தும் வடிவில் தயாரித்திருக்கிறது. குருத்தில் போடும் பூச்சிமருந்துகளைப் பொறுத்தவரை, நீண்ட காலம் புழங்கிய கார்போபியூரான் 2023 மே முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. தோட்டத்தில் மருந்து அடித்தவர்களும் உரம் போட்டவர்களும் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள் என்பதால், இந்தச் செய்தியை நான் பூச்சியியல் மாணவியாக மட்டும் படிக்கவில்லை.

எல்லாவற்றையும் விட வியப்பானது வைரஸ் கதை. 1909-இல் இலங்கையிலிருந்து ரப்பர்க் கன்றுகள் பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவுக்குப் போயின. கன்றோடு கொம்பு வண்டும் போயிற்று. நம் முன்னோரை ரப்பர் எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தது போல வண்டையும் சேர்த்தது. அங்கே அதற்கு இயற்கை எதிரி இல்லை. தீவு தீவாகத் தென்னைகள் சாய்ந்தன. 1953-இல் பிஜியையும் எட்டியது. சொந்த ஊரில் இத்தனை அட்டகாசம் செய்யாத வண்டு அங்கே மட்டும் ஏன் செய்கிறது? அதற்கு விடை தேடி அலோயிஸ் ஹூகர் என்ற ஜெர்மானிய அறிஞர் மலாயாவுக்கு வந்தார். 1963-இல் உடல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும்படி ஆகிச் செத்துக்கொண்டிருந்த புழுக்களைக் கண்டார். காரணம் ஒரு வைரஸ். 1966-இல் அதனை அறிவித்தபோது அவர் இட்ட பெயர் ‘மலாயா நோய்’. 1967-இல் அந்த வைரஸ் சமோவாவில் விடப்பட்டது. பிறகு பல தீவுகளில். நோயுற்ற வண்டு உடனே சாவதில்லை. முட்டையிடுவது நின்றுபோகும், ஆனால், கட்டைக்குக் கட்டை பறந்து தன் எச்சத்தால் மற்றவற்றுக்கு நோயைக் கொண்டு சேர்க்கும். தென்னைகளின் சேதம் வெகுவாகக் குறைந்தது. இந்தத் தீவு மக்களின் தென்னையைக் காத்தது நம் மண்ணிலிருந்து போன ஒரு நோய்! ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2007-இல் குவாம் தீவில் நுழைந்த வண்டுகளுக்கு அந்த வைரஸ் பலிக்கவில்லை. 2013-இல் ஹவாயிலும் வண்டு நுழைந்துவிட்டது.

மூன்று ஏக்கர்க்காரரான மாமாவுக்கு இவற்றில் எது பயன்படும் என்று எழுதிக் கொடுத்தேன். கட்டைகளைப் பிளந்து வெயிலில் பரப்புவது. குருத்தை வாரம் ஒருமுறை பார்ப்பது. நார்ச்சக்கை தெரிந்தால் கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு வண்டைக் குத்தி எடுப்பது. எருக்குவியலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது புரட்டுவது. முட்டை வண்டாவதற்குக் குறைந்தது நான்கு மாதமாவது வேண்டும். அதற்குள் இரண்டு முறை புரட்டிவிட்டால் ஒரு தலைமுறை கூட முழுதாகத் தப்பாது.

மாமா காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போன 17 கன்றுகளின் இடத்தில் புதியன நட்டிருக்கிறார். மற்றவை தோளுயரம் தாண்டிவிட்டன. வாய்க்காலுக்கு இப்போது சிமெண்ட் குழாய் போட்டு மண் மூடியிருக்கிறது. எருக்குவியலைப் புரட்டும் பொறுப்பைப் பாட்டி எடுத்துக்கொண்டார். இரண்டு மாதமெல்லாம் அவர் கணக்கில் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை மாமாவை நிற்க வைத்துப் புரட்டச் சொல்கிறார். மண்வெட்டிச் சத்தம் கேட்டதுமே கோழிகள் வந்து வரிசையாக நின்றுவிடுகின்றன.